ஆலுக்கு ஒரு சட்டி

கிளினிக்கின் பின்சுவரில்
ஏசித் தண்ணீர் சொட்டும் வெடிப்பில் முளைத்திருந்தது.
சுவர் பிளக்கும், அசிட் ஊற்று என்றார் டொக்டர்.
மெழுகுப் பல் செதுக்கும் சின்ன உளியால்
ஒரு மத்தியானம் முழுக்கச் சீமெந்தைச் சுரண்டி
வேரோடு எடுத்தேன்.
பிடுங்குவது டொக்டரின் வேலை, நான் பல் கட்டுபவன்.
இருபத்தாறு வருஷத்தில்
நான் பிடுங்கியது இது ஒன்றுதான்.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பார்கள்.
உறுதி இருந்திருந்தால்
பம்பலப்பிட்டியில் நான் வாடகை கட்ட முடியாது.

ஐஸ்கிறீம் டப்பாவில் வளர்ந்தது. வனிலா, இரண்டு லீற்றர்.
அடிமரம் என் பெருவிரல் மொத்தம் வந்த மாதம்
டப்பா ஒரு பக்கம் வெடித்தது.
சரி, இனிச் சட்டி.

புறக்கோட்டையில் ஒரு நீலச் சட்டி,
கண்ணாடிப் பூச்சு, நான்கு பக்கமும் நெருப்புக் கக்கும் பாம்பு.
பாம்பைப் பார்த்து முடியவே அரைநாள் போகும்,
மரத்துக்கு எப்போது வருவது?
தெகிவளையில் இருந்தது கறிவேப்பிலைக்கான ஆழம்.
நாவலையில் அளவு சரி, அடியில் துளை இல்லை.
நீங்களே போடலாம் அண்ணா என்றான் பொடியன்.
போடலாம். என்னிடம் இருக்கும் துளைக்கருவிகளை
அவன் கண்டால் வாயை மூடிக்கொள்வான்.
ஆனாலும் தண்ணீர் போக வழி யோசிக்காதவன்
வேறு எதை யோசித்திருப்பான்?

பத்தரமுல்லையில் மல்காந்தியின் கடை.
உயரம் எவ்வளவு என்றாள்; இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.
கை வேண்டாம், மரத்தைக் கொண்டு வா.
வாயைக் காட்டாமல் பல் கேட்டு வருகிறவர்களிடம்
நான் பேசுகிற அதே குரல், சிங்களத்தில்.

அடுத்த ஞாயிறு ஓட்டோவில், மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
பள்ளம் வந்தபோதெல்லாம் டிரைவர் திரும்பிப் பார்த்தான்,
குழந்தை கிடப்பதுபோல.
மல்காந்தி சுற்றிவந்து பார்த்தாள்.
மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு, சட்டியின் நீளம்.
அடிமரத்தின் மொத்தம்தான் ஆழம், அதற்குமேல் வேண்டாம்.
தண்டு வளைந்திருக்கிறது, மூலையுள்ளது ஒத்துவராது, நீள்வட்டம் எடு.
பூச்சு கூடாது, மண்நிறம்.
நல்ல சட்டி கண்ணில் படக்கூடாது, விளங்குதா?

எனக்கா விளங்காது.
யாரும் கவனிக்காத பல்லே நல்ல பல் என்று
என் மேசைக்கு மேலே நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பொருந்தியதெல்லாம் என் அரைமாதச் சம்பளம்.
கீழ்த்தட்டில், பூனை தண்ணீர் குடிக்க ஒன்று கிடந்தது:
நீள்வட்டம், மண்நிறம், விளிம்பில் ஓர் அரிசியளவு உடைவு.
பாதி விலை. உடைவைப் பின்பக்கம் வை என்றாள்.
பூனை எங்களிருவரையும் பார்த்தது.

மேசையில் வைத்து அடைப்போமா என்று நினைத்தேன்.
முரசு நிறத்தில் அக்ரிலிக் இருக்கிறது.
பல் நிறத்தில் பதினாறு,
அதில் சுருட்டுக்காரருக்கு உள்ளது கிட்டத்தட்ட ஒத்துவரும்.
அப்போது ஸ்டெல்லா யேசுரத்தினம் ஞாபகம் வந்தார்.
டெலிகொம்மில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்.
கட்டிய பல்லை மூன்று தரம் திருப்பிக் கொண்டுவந்தார்.
கடிக்கவில்லை, கழரவில்லை, ஒரு குறையும் இல்லை,
முன்னிரண்டுக்கும் நடுவே இருந்த நீக்கல் எங்கே தம்பி?
அதால்தானே விசிலடிப்பேன்.
நாலாம் தரம் நீக்கலோடு செய்தேன்.
கதவடியிலேயே போட்டு, ஒன்று அடித்துக் காட்டிவிட்டுப் போனார்.

அடைக்கவில்லை. கை கிழிக்காதபடி
அரத்தால் ஓரத்தை மட்டும் தேய்த்தேன்.

பிறகு வேர். சட்டியை வெட்ட முடியாது,
ஆகவே மற்றதை வெட்டவேண்டும்.
ஆணிவேர் ஒரு துண்டுச் சீமெந்தைக் கவ்விக்கொண்டிருந்தது,
மூன்று வருஷமாக, மண்ணுக்குள், விடாமல்.
அதற்கு மேலே வைத்து வெட்டினேன்.
துண்டை எறியவில்லை, எங்கே வைத்தேன் என்றும் தெரியவில்லை.

இப்போது ஜன்னலோரம் நிற்கிறது.
கரையோர ரயில் போனால் இலைகளுக்குத்தான் முதலில் தெரிகிறது.
நேற்று டொக்டர் நின்று பார்த்தார்.
குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, விரலால் தடவி,
அட, இந்தச் சட்டி எங்கே வாங்கினாய் என்றார்.
மரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
பத்தரமுல்லை என்றேன்.
அசிட் பற்றி நானும் ஒன்றும் சொல்லவில்லை.